பிஎஸ்6 லாரி ஓனர்கள் கவனத்துக்கு: பில்லில் புது நாக்ஸ் சென்சார், வண்டியில் பொய்ப் பெட்டி

சங்ககிரி, நாமக்கல் பக்கம் பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) லாரி வைத்திருப்பவர்கள், முக்கியமாக ஒற்றை வண்டியை நம்பிப் பிழைப்பவர்கள், இதை முழுசாகப் படியுங்கள். பைபாஸ் ஓரத்துப் பட்டறை ஒன்றில் எங்கள் வண்டிக்கு "நாக்ஸ் சென்சார் புதுசு - 2" என்று பில் போட்டுப் பணம் வாங்கினார்கள். ஆனால் புகையில் இருக்கும் நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு) என்ற நச்சு வாயுவை அளக்கும் அந்த சென்சாரைத் தொடவே இல்லை. சென்சார் மாதிரியே பொய் அளவு அனுப்பும் எமுலேட்டர் பெட்டி ஒன்றை ஒளித்து மாட்டி அனுப்பிவிட்டார்கள்.

முதலில் இன்ஜின் லைட் எரிந்தது. பிறகு லோடோடு மேடு ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. பட்டறையில் ஸ்கேனர் போட்டதும், எஸ்சிஆர் (புகையில் யூரியாக் கரைசல் தெளித்து நாக்ஸைக் குறைக்கும் அமைப்பு) திறன் குறைவு என்று எரர் கோடு (பழுதைச் சொல்லும் குறியீடு) வந்தது. "ரெண்டு நாக்ஸ் சென்சாரும் போயிருச்சுங்க, மாத்தினாத்தான் இழுக்கும்" என்றார் மெக்கானிக். பழைய சென்சாரைக் கேட்டதற்கு, கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார். வண்டி வெளியே வந்தபோது லைட் அணைந்திருந்தது, பிக்கப்பும் வந்திருந்தது.

சந்தேகத்தை முதலில் கிளப்பியது எங்கள் டிரைவர்தான். "அண்ணா, டீசல் அடிச்சிட்டே இருக்கறோம், யூரியா மட்டும் ஊத்தவே வேண்டியதில்லீங்களே?" என்று கேட்டார். சாதாரணமாக 100 லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் யூரியாக் கரைசல் போகும். பட்டறைக்குப் போன் போட்டால், "புது சென்சார் அளந்து அடிக்குதுங்க, அதான் மிச்சம்" என்று பதில் வந்தது. இப்படி ஒரு மிச்சம் எந்த வண்டியிலும் கிடையாது.

வேறொரு சர்வீஸ் சென்டரில் லேப்டாப் மாட்டிக் காட்டினார்கள். எஸ்சிஆருக்கு முன்னால் இருக்கும் சென்சாரின் நாக்ஸ் அளவு, ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏறி, விட்டால் இறங்கி ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் மிதித்தாலும் விட்டாலும் ஒரே எண். ஃபியூஸ் பாக்ஸுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய, தீப்பெட்டி அளவுப் பெட்டி ஒன்று ஒயரிங்கில் சொருகியிருந்தது. எங்கள் பழைய சென்சார் இரண்டும் பைப்பில் அப்படியே இருந்தன. கனெக்டரை மட்டும் கழற்றி, டை போட்டுக் கட்டியிருந்தார்கள்.

நல்ல சென்சாரைக் கெட்டது என்று எப்படிச் சொல்ல முடிந்தது? இதைப் புரிந்துகொண்டால் அடுத்தவர் ஏமாற மாட்டார். பிஎஸ்6 வண்டியில் எந்த சென்சாரும் தனியாக முடிவு செய்வதில்லை. முன் நாக்ஸ் சென்சார், புகையின் வெப்பத்தைப் பார்க்கும் சென்சார், காற்றின் அளவு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் எவ்வளவு யூரியா தெளிக்கலாம் என்று இசியு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) முடிவு செய்கிறது. தெளித்தது வேலை செய்ததா என்று பின் நாக்ஸ் சென்சார் பார்க்கிறது. யூரியா டேங்கில் இருக்கும் சென்சார், கரைசலில் 32.5 சதவீதம் யூரியா இருக்கிறதா, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சொல்கிறது. ஆகவே பின் பக்கம் நாக்ஸ் கூடினால் அதற்குக் காரணம் பலது: கலப்பட யூரியா, அடைத்த நாசில், கிளாம்ப்பில் கசிவு, கெட்ட வெப்ப சென்சார். யூரியா அதிகமாகத் தெளித்தாலும் அதே கோடு வரலாம், ஏனென்றால் மிஞ்சிய அமோனியாவையும் அந்த சென்சார் நாக்ஸ் என்றே படிக்கும். ஒரே ஒரு கோடைப் பார்த்துவிட்டு "சென்சார் போச்சு" என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

எங்கள் வண்டியில் உண்மையில் கெட்டிருந்தது எஸ்சிஆருக்கு முன்னால் இருக்கும் வெப்ப சென்சார், அது ஒன்றுதான். சூடேற ஏற, பக்கத்து வெப்ப சென்சாரை விட மிகவும் குறைத்துக் காட்டியது. 200 டிகிரிக்குக் கீழே என்று நினைத்தால் இசியு யூரியாவை நிறுத்தி வைக்கும், இல்லாவிட்டால் பைப்பில் கட்டி பிடித்துவிடும். யூரியா போகவில்லை, பின்னால் நாக்ஸ் கூடியது, கோடு வந்தது. நாக்ஸ் சென்சாரோடு ஒப்பிட்டால் வெப்ப சென்சார் மிக மலிவு. அதை மாற்றியிருந்தால் வேலை முடிந்திருக்கும். பெட்டி மாட்டிய பிறகு யூரியா ஓடாமலே நின்றதில் நாசில் முனையில் வெள்ளையாக உப்பு இறுகி, அதையும் மாற்ற வேண்டியதாயிற்று.

எனக்கு வயிறு எரிவது பணத்துக்காக மட்டுமல்ல. இன்ஜின் தரும் ஒவ்வொரு கிலோவாட்-மணி சக்திக்கும் பிஎஸ்4-ல் 3.5 கிராம் என்றிருந்த நாக்ஸ் வரம்பை பிஎஸ்6-ல் 0.4 கிராமாகக் குறைத்தார்கள். அந்தப் பெட்டியோடு எங்கள் வண்டி ஊருக்குள், பள்ளிக்கூட வாசல் வழியாகவெல்லாம் போய் வந்திருக்கிறது. இன்னொன்று, மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்குத் தண்டனை ஓனருக்கு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மாட்டியவன் பட்டறையில் உட்கார்ந்திருப்பான், செக்போஸ்ட்டில் பதில் சொல்ல வேண்டியது நாம்.

நாக்ஸ் சென்சார் மாற்றினதாகச் சொன்னால் பழையதைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஸ்கேனரை மாட்டி வைத்து, குளிர்ந்த வண்டியை உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நிஜ சென்சார் பைப்பின் ஈரம் போய், தானும் சூடாகிய பிறகுதான் அளவு காட்டத் தொடங்கும். ஸ்டார்ட் ஆன உடனே எண் வந்தால் பெட்டியைத் தேடுங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் வெப்ப சென்சார்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டுகின்றனவா என்றும் பாருங்கள். பில்லில் பார்ட் நம்பரையும் சீரியல் நம்பரையும் எழுதி வாங்குங்கள்.

பட்டறைக்காரர் இப்போது போனை எடுப்பதில்லை. பில், ஸ்கேன் ரிப்போர்ட், பெட்டி இருந்த இடத்தின் போட்டோ மூன்றையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். தொழில் வண்டிக்கு நுகர்வோர் சட்டம் செல்லாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். சுயதொழிலாக, பிழைப்புக்காக வைத்திருக்கும் வண்டிக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதே மாதிரி பெட்டி கிடைத்தவர்கள், கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்துவிட்டு எனக்குத் தனியாக எழுதுங்கள். சேர்ந்தே மனு போடலாம்.