ப்ரொஃபைல் செய்து தருகிறோம் என்று வருகிறவர்களிடம் லாகினைக் கொடுத்துவிடாதீர்கள்

படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்களாகப் பார்த்து, "உங்கள் லிங்க்ட்இன் ப்ரொஃபைலை நாங்கள் அமைத்துத் தருகிறோம், அப்புறம் ரெக்ருட்டர்களே உங்களைத் தேடி வருவார்கள்" என்று ஒரு கூட்டம் வலை விரித்துக்கொண்டிருக்கிறது. (லிங்க்ட்இன் என்பது வேலை, தொழில் தொடர்புகளுக்கான சமூக வலைத்தளம், ரெக்ருட்டர் என்றால் கம்பெனிக்கு ஆள் தேடுகிறவர்.) அப்படி ஒன்றுக்குப் பணம் கட்டி நான் பட்டதை எழுதுகிறேன். போன பணம்கூடப் பரவாயில்லை, என் பெயரில் அவர்கள் செய்துவைத்த வேலைதான் இன்னும் தலைவலியாக இருக்கிறது.

ஆரம்பம் இலவசமாகத்தான் இருக்கும். ரெஸ்யூமேவை அனுப்புங்கள், சும்மா பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் சிவப்பு வட்டம் போட்ட ஒரு ரிப்போர்ட் வந்தது: உங்கள் ஏடிஎஸ் ஸ்கோர் 31, இதை வைத்து எங்கே விண்ணப்பித்தாலும் மனிதக் கண்ணிலேயே படாது. கேட்டதும் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஏடிஎஸ் என்பது கம்பெனிகள் விண்ணப்பங்களை வாங்கி, பிரித்து, தேடிப் பார்க்க வைத்திருக்கும் மென்பொருள், அவ்வளவுதான். ஒவ்வொரு கம்பெனியும் வேறு வேறு மென்பொருள் வைத்திருக்கிறது, அதில் எதைத் தேடுவது என்பதும் வேலைக்கு வேலை மாறும். எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் பொது மார்க் என்று ஒன்று கிடையவே கிடையாது. அந்த 31 அவர்களே போட்ட எண். பல வருட அனுபவத்தோடு நல்ல வேலையில் இருக்கும் என் சீனியர் ஒருவர் தன் ரெஸ்யூமேவை அங்கே ஏற்றிப் பார்த்தார், அவருக்கும் அதே சிவப்பு வட்டம்தான்.

பேக்கேஜில் என்னென்ன என்று பெரிய பட்டியலே கொடுத்தார்கள். ஹெட்லைன் (பெயருக்குக் கீழே வரும் அறிமுக வரி), அபௌட் பகுதி (நம்மைப் பற்றி நாமே எழுதுவது), 500க்கு மேல் கனெக்‌ஷன், ரெக்கமெண்டேஷன்கள் (கூட வேலை பார்த்தவர்கள் நம்மைப் பாராட்டி எழுதுவது), தனியாகப் பணம் கட்டினால் வெரிஃபைடு முத்திரை. (அந்த முத்திரைக்கு லிங்க்ட்இன் ஒரு பைசா வாங்குவதில்லை, நாமே அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.) எடிட் செய்வதற்கு என்று லாகினும், அப்புறம் வந்த ஓடிபியும் வாங்கிக்கொண்டார்கள். பாஸ்வேர்டை யாரிடமும் பகிரக்கூடாது என்று லிங்க்ட்இன் விதிமுறையிலேயே இருக்கிறது, தொழிலாகச் செய்கிறவர்களுக்கு அது தெரியாமல் இருக்காது. சிலர் இன்னும் கெட்டிக்காரர்கள், "பாஸ்வேர்டே வேண்டாம், இந்த பிரவுசர் எக்ஸ்டென்ஷனை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்" என்பார்கள். அது உங்கள் லாகின் குக்கீயை (நீங்கள் உள்ளே நுழைந்திருக்கிறீர்கள் என்று பிரவுசரில் பதிந்திருக்கும் அடையாளம்) எடுத்துக்கொண்டால் சாவியையே கொடுத்த மாதிரிதான்.

சரி, என்ன செய்து கொடுத்தார்கள்? ஹெட்லைனுக்கு 220 எழுத்து வரை இடம் உண்டு. அதில் ஓர் எழுத்தைக்கூட விடாமல், நடுநடுவே செங்குத்துக் கோடு போட்டு, இருக்கிற எல்லாத் தொழில்நுட்பப் பெயரையும் அடைத்திருந்தார்கள், அதில் பாதியை நான் தொட்டதே இல்லை. அபௌட் பகுதி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு வரியை மட்டும் மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடினேன், அச்சு அசலாக அதே பத்தி வேறு பலருடைய ப்ரொஃபைலிலும் இருந்தது, பெயரும் படிப்பும் மட்டும்தான் மாறியிருந்தன. நீங்கள் யாருக்காவது பணம் கொடுத்து எழுதி வாங்கியிருந்தால் இந்தச் சோதனையை இப்போதே செய்து பாருங்கள்.

இதைவிட மோசம் அனுபவப் பகுதி. இறுதியாண்டில் நான்கு பேர் சேர்ந்து செய்த ஒரு ப்ராஜெக்டை, நான் ஒரு குழுவையே வழிநடத்தி வேலை நேரத்தை 40 சதவீதம் குறைத்ததாக எழுதிவிட்டார்கள். கூடவே நான் போகாத ஓர் இண்டர்ன்ஷிப். அதைப் பார்த்ததும் நீக்கச் சொன்னேன். "ஃப்ரெஷர் எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள், யாரும் செக் பண்ண மாட்டார்கள்" என்று பதில் வந்தது. இண்டர்ன்ஷிப்பை நானே அழித்துவிட்டேன், அந்த 40 மட்டும் அப்படியே நின்றுவிட்டது. முதல் இண்டர்வியூவிலேயே அதில்தான் கை வைத்தார்கள்: "இந்த 40 எப்படி வந்தது, முன்னால் எவ்வளவு நேரம் ஆனது, எதை வைத்து அளந்தீர்கள்?" அந்த ப்ராஜெக்டில் நான் உண்மையாகச் செய்தது டேட்டாவைச் சுத்தம் செய்யும் பகுதி. அதைப் பற்றிக் கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன், ஆனால் அது ப்ரொஃபைலில் எங்கேயுமே இல்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

ரெக்கமெண்டேஷன் கதை இன்னும் அசிங்கம். எனக்கு முன்பின் தெரியாதவர்கள் "இவருடன் பணியாற்றியது என் பாக்கியம்" என்கிற ரீதியில் எழுதியிருந்தார்கள். இவர்கள் எல்லாம் யார் என்று தோண்டிப் பார்த்தபோதுதான் என் கணக்கிலிருந்தும் அதே மாதிரி போயிருப்பது தெரிந்தது, நான் பார்த்தே இராத ஆட்களின் தலைமைப் பண்பை நான் மெச்சியிருக்கிறேன்! ஒரு வாடிக்கையாளரின் லாகினை வைத்து இன்னொருவருக்கு எழுதுவது, அவருடையதை வைத்து எனக்கு எழுதுவது. அவர்களுக்குச் செலவே இல்லாத சரக்கு. பாஸ்வேர்டு எதற்குத் தேவைப்பட்டது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

கனெக்‌ஷனும் அந்த ரகம்தான். 500ஐத் தாண்டினால் ப்ரொஃபைலில் எண்ணிக்கைக்குப் பதிலாக 500+ என்று மட்டும் காட்டும், அதைத்தான் பெரிய தகுதி மாதிரி விற்கிறார்கள். அதற்காகத் தானாக இயங்கும் ஒரு மென்பொருளை (பாட்) வைத்து கண்டவர்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்பியிருக்கிறார்கள். வாங்கியவர்களில் பலர் "இவரை எனக்குத் தெரியாது" என்று தட்டிவிட்டார்கள் போல, கணக்கு முடங்கியது. தானியங்கி மென்பொருளை லிங்க்ட்இன் தடை செய்திருக்கிறது, முடக்கியதில் தப்பில்லை. அடையாள ஆவணம் காட்டித்தான் கணக்கைத் திரும்ப வாங்கினேன். இடையில் வந்த ஒரு ரெக்ருட்டரின் மெசேஜைப் பார்க்கவே முடியாமல் போனது.

ரீஃபண்ட் கேட்டதற்கு, சேவை டெலிவரி ஆகிவிட்டது, எடுத்ததைத் திருப்பித்தர முடியாது என்று ஒரே வரி. அப்புறம் ப்ளாக்.

ஏற்கெனவே லாகின் கொடுத்துவிட்டவர்கள் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். என் கணக்கில் அவர்களுடைய ஈமெயில் ஒன்று இரண்டாவதாகச் சேர்க்கப்பட்டிருந்தது, அது இருக்கும்வரை பாஸ்வேர்டை அவர்களே ரீசெட் செய்துகொள்ளலாம். செட்டிங்ஸில் சைன்-இன் பகுதிக்குப் போய் முதலில் தெரியாத ஈமெயிலையும் போன் நம்பரையும் நீக்குங்கள். அதன் பிறகு பாஸ்வேர்டு, அதன் பிறகு டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். எந்தெந்தக் கருவியில் லாகின் ஆகியிருக்கிறது என்பதும் அங்கேயே தெரியும், எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். இணைக்கப்பட்ட வெளி ஆப்களின் பட்டியல் டேட்டா ப்ரைவசி பக்கம் தனியாக இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதே இல்லை. உங்கள் பெயரில் போன ரெக்கமெண்டேஷன்களை நீங்களே அழிக்கலாம், உங்களுக்கு வந்ததை மறைக்கலாம். தெரியாத கனெக்‌ஷன்களை நீக்கினால் அவர்களுக்கு அறிவிப்பு போகாது, அதனால் சங்கடப்படாமல் செய்யுங்கள்.

கிட்ஹப்பில் (புரோகிராம்களைச் சேமித்துப் பகிரும் தளம்), எந்தெந்த நாளில் வேலை செய்தோம் என்று காட்டும் பச்சைக் கட்டங்களை நிரப்பித் தருகிறோம் என்று ஒரு கூடுதல் பேக்கேஜும் நீட்டினார்கள், நல்லவேளை அதை வாங்கவில்லை. கிட்ஹப்புக்கு அடிப்படையான கிட் மென்பொருளில் கமிட்டின் (சேமிக்கும் ஒவ்வொரு மாற்றத்தின்) தேதியை யார் வேண்டுமானாலும் இஷ்டப்படி போட்டுக்கொள்ளலாம், ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஒரு வருடத்துக் கட்டங்களையும் நிரப்பிவிடும். ஆனால் ரெபோவை (அந்த ஃபைல்கள் இருக்கும் இடத்தை) திறந்து பார்க்கிறவருக்கு ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் புள்ளி வைத்துப் புள்ளி அழித்திருப்பது உடனே தெரியும்.

இப்போது என் ஹெட்லைனில் படிப்பும், தேடும் வேலையும், உண்மையில் தெரிந்த இரண்டு விஷயங்களும்தான் இருக்கின்றன. அபௌட் பகுதியில் 2,600 எழுத்து வரை இடம் இருந்தாலும் டேட்டாவைச் சுத்தம் செய்த கதையைப் பத்து வரியில் எழுதியிருக்கிறேன். ப்ராஜெக்டைப் பார்த்துக்கொண்ட ஆசிரியரிடம் கேட்டேன், நான்கு வரி எழுதிக் கொடுத்தார். இப்போதைக்கு என்னிடம் இருக்கும் ஒரே ரெக்கமெண்டேஷன் அதுதான், அதைப் பற்றி யார் கேட்டாலும் பதில் சொல்ல முடியும்.

பணத்துக்காக வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடிவாகவில்லை. சாட்டில் அவர்கள் அனுப்பிய வாக்குறுதிகளை எல்லாம் "எல்லோருக்கும் அழி" போட்டு எடுத்துவிட்டார்கள், முன்னாடியே எக்ஸ்போர்ட் செய்து வைத்திருந்ததால் ஆதாரம் தப்பித்தது. இப்போது வேறு பெயரில் புதுப் பக்கம் திறந்திருக்கிறார்கள். லோகோவின் நிறம் மாறியிருக்கிறது, பாராட்டி எழுதியிருப்பவர்களின் பெயர்களும் மாறியிருக்கின்றன, போட்டோக்கள் மட்டும் பழையவைதான். யாருக்காவது சந்தேகம் இருந்தால் தனியாக மெசேஜ் செய்யுங்கள், இரண்டு பெயரையும் சொல்கிறேன்.