பழைய மிக்சர், ஆம்ப் ஆன்லைனில் வாங்கி விற்பது: பணம் கை மாறும் இடத்தைப் பற்றி என் அனுபவம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எனக்கு ஒரு சின்ன மைக் செட் கடை. கோயில் திருவிழா, கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம் என்று வேலை இருக்கும். எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் வாடகையில் போட்ட காசை எடுக்கவே முடியாது, அதனால் மிக்சர், ஆம்ப், கார்ட்லெஸ் மைக், பேஸ் பாக்ஸ் என்று பாதிக்கு மேல் பழசுதான் வாங்குவேன், தேவை முடிந்ததும் விற்றும் விடுவேன். ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், தொழில்காரர்களின் வாட்ஸ்அப் குரூப் மூன்றிலும் பல வருஷமாக இது நடக்கிறது. பொருளின் தரத்தைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, அதை இங்கே தொடவில்லை. பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆன்லைனில் பழசு வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். என் கடையில் இப்போது ஓடும் பெரிய மிக்சர் அப்படி வந்ததுதான். ஆனால் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன்: பொருளை வைத்திருப்பவர், என்னிடம் பேசுபவர், பணம் போகிற கணக்கின் சொந்தக்காரர், மூவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். இதில் ஒன்று விலகினாலும் எவ்வளவு மலிவு என்றாலும் விட்டுவிடுவேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதற்கு நடு ஆள் மோசடியை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நேரில் போய்ப் பார்த்து வாங்குகிறவர்களும் இதில் மாட்டுகிறார்கள். பண்ருட்டிக்காரர் ஒருவர் மிக்சருக்கு 28,000 ரூபாய் என்று விளம்பரம் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்தோ ஒருவன் கூப்பிட்டு, பேரமே பேசாமல், “சரிண்ணே, எடுத்துக்கிறேன், நான் வெளியூர்ல இருக்கேன், என் மச்சான் வந்து பார்ப்பான், அவனுக்கும் எனக்கும் ஒரு கணக்கு இருக்கு, விலையை மட்டும் அவன்கிட்ட பேசாதீங்க” என்கிறான். அதே ஆள் அதே படங்களை எடுத்துத் தன் பெயரில் 18,000 ரூபாய் என்று இன்னொரு விளம்பரம் போடுகிறான். அதைப் பார்த்துக் கூப்பிடும் புதுச்சேரி முதலியார்பேட்டைக்காரரிடம், “பொருள் பண்ருட்டியில எங்க அண்ணன் வீட்ல இருக்கு, போய்ப் பாருங்க, பிடிச்சா எனக்கு போடுங்க, அண்ணன்கிட்ட விலை பேச வேணாம்” என்கிறான். இருவரும் நேரில் சந்திக்கிறார்கள். பொருள் நிஜம், வீடு நிஜம், எல்லா சேனலும் வேலை செய்கிறது. வந்தவர் 18,000 ரூபாயைப் போனில் சொன்ன எண்ணுக்குப் போட்டுவிட்டு மிக்சரைத் தூக்கப் போகும்போதுதான், வீட்டுக்காரர் “எனக்கு இன்னும் பணம் வரலையே” என்கிறார். நடுவில் பேசியவனின் போன் அதற்குள் அணைந்திருக்கும்.

இதில் எனக்கு மனசு கஷ்டப்படுவது, ஏமாந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் கூட்டாளி என்று சந்தேகப்பட்டுச் சண்டை போடுவதுதான். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, தன் ஆம்பைப் பார்க்க வந்த பெரியவரோடு இப்படித்தான் ஸ்டேஷன் வரை போனான். இருவருமே நல்லவர்கள், சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிறவர்கள். “விலை பேசாதே” என்று இரண்டு பக்கமும் சொல்லி வைத்திருந்த அந்த ஒரு வாக்கியத்தால் வந்த வினை. அதனால் நான் பொருளைப் பார்க்கப் போனால் ஸ்விட்சைப் போடும் முன்பே, வைத்திருப்பவரிடம் “உங்க விலை எவ்வளவுண்ணே, பணம் உங்க கணக்குக்குத்தானே?” என்று நேராகக் கேட்டுவிடுவேன். விற்கும்போதும் வருகிறவரிடம் இதையே கேட்பேன்.

விற்பவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பணம் நிஜமாகவே வந்துவிடும், ஆனால் வாங்குபவர் கணக்கிலிருந்து இல்லை, வடக்கே எங்கேயோ உள்ள, கேள்விப்படாத பெயரிலிருந்து வரும். அது வேறொருவரை ஏமாற்றிப் பிடுங்கிய பணமாக இருந்தால், அவர் புகார் கொடுத்ததும் அந்தப் பணம் போன கணக்குகளை எல்லாம் வங்கிகள் வரிசையாக நிறுத்தி வைக்கும், அதில் உங்கள் கணக்கும் வந்துவிடும். பொருளும் போய், கணக்கும் முடங்கி, வேறு மாநிலத்து சைபர் கிரைம் போலீசுக்கு நீங்கள் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் எதிரில் நிற்பவர் அவருடைய போனிலிருந்தே அனுப்பட்டும். “நண்பன் போடுவான்” என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இரண்டு வரியில் ஒரு விற்பனைச் சீட்டு எழுதி, சீரியல் எண், தொகை, தேதி, இருவர் கையெழுத்து போட்டு வைத்தால், நாளைக்கு வங்கியில் காட்ட ஒரு காகிதமாவது இருக்கும்.

இனி எல்லோருக்கும் தெரிந்த யூபிஐ விஷயம். தெரிந்தும் அவசரத்தில் மறந்துபோவதால் சொல்கிறேன். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் (PIN) நம்பர் தேவையே இல்லை, க்யூஆரை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. “இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க, உங்களுக்குப் பணம் ஏறிடும்” என்று யார் சொன்னாலும் அது உங்கள் பணத்தை எடுக்கும் வேலை. தனியாள் தனியாளிடம் பணம் கேட்டு அனுப்பும் கலெக்ட் கோரிக்கையை 2025 அக்டோபர் 1 முதல் யூபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுத்திவிட்டது, நல்ல காரியம். ஆனால் க்யூஆர் தந்திரம் அப்படியேதான் இருக்கிறது. கணக்கிலிருந்து தானாகவே பணம் பிடிக்கும் ஆட்டோபே அனுமதி கேட்டு வருவதையும் படிக்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது.

ராணுவத்தில் இருப்பதாகச் சொல்கிறவர்கள் கதை பழசுதான், எங்கள் பக்கம் அது நெய்வேலியில் சிஐஎஸ்எஃப்பில் இருப்பதாகவும் மாற்றல் வந்துவிட்டதாகவும் வரும். சீருடைப் படம், கேண்டீன் அட்டை, ஆதார் எல்லாம் கேட்காமலே அனுப்புவார்கள். அந்த அட்டைகள் பல நேரம் முன்பு ஏமாந்த யாரோ ஒருவருடையவை. அதனால் படமாக வரும் அடையாள அட்டைக்கு நான் எந்த மதிப்பும் கொடுப்பதில்லை, என் ஆதார் படத்தையும் யாருக்கும் அனுப்புவதில்லை, அடுத்தவரை ஏமாற்ற அது போய்ச் சேரும்.

பணம் வந்ததா என்று பார்க்க ஒரே இடம் என் வங்கி ஆப், அதில் இருப்புத் தொகை கூடியிருக்கிறதா என்பதுதான். அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட், பச்சை டிக் வரும் அவர் போன் திரை, எஸ்எம்எஸ் எதுவும் கணக்கில் சேராது. அசல் ஆப் மாதிரியே இருக்கும் போலி ஆப்களில் எந்தத் தொகையை அடித்தாலும் வெற்றி என்று காட்டும். வங்கி எஸ்எம்எஸ் எழுத்துகள் கொண்ட பெயரில்தான் வரும், பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து “கிரெடிட்” என்று வந்தால் அது யாரோ தட்டி அனுப்பியது. “தெரியாம ஒரு சைபர் கூட போட்டுட்டேன், மீதியை அனுப்புங்க” என்று அடுத்து ஒருவன் அழுவான். இருப்பைப் பாருங்கள், வந்திருக்கவே வந்திருக்காது. நிஜமாகவே கூடுதலாக வந்திருந்தால், நீங்களாகத் திருப்பி அனுப்பாமல் அவர் வங்கி மூலம் கேட்கச் சொல்லுங்கள்.

வாங்கும்போது டோக்கன் அட்வான்ஸ்தான் பெரிய ஓட்டை. ஆடி மாதம் கூழ் ஊற்றுவதற்கு முன்பும், மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் சாமி இறங்கும் நேரத்திலும் எங்களுக்கு ஸ்பீக்கர் பற்றாக்குறை வரும், அப்போது பார்த்துப் பாதி விலையில் விளம்பரங்கள் முளைக்கும். “இன்னொருத்தர் வந்துட்டு இருக்காரு, ரெண்டாயிரம் போட்டா நிறுத்தி வைக்கிறேன்” என்பார்கள். நான் போடுவதில்லை. அதற்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டில் நான் சொல்லும் வார்த்தையை எழுதி ஆம்ப் மேல் வைத்து வீடியோ காலில் காட்டச் சொல்வேன், பின்பக்க சீரியல் எண்ணையும் காட்டி ஸ்விட்ச் போட வேண்டும். பொருள் வைத்திருப்பவருக்கு இது ஐந்து நிமிஷ வேலை. மற்றவர்களுக்குக் கோபம் வரும், அத்தோடு முடிந்தது.

வெளியூர்ப் பொருள் என்றால் லாரி பார்சலில் டு-பே (எடுக்கும்போது நாம் கூலி கட்டுவது) என்று போட்டுவிட்டதாக எல்.ஆர். (லாரி ரசீது) படம் வரும், பிறகு “பேக்கிங் சார்ஜ்”, “திரும்பக் கிடைக்கும் ஜிஎஸ்டி” என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அந்த எல்.ஆர். எண்ணைப் பார்சல் ஆபீசில், அவர் கொடுத்த எண்ணில் இல்லாமல் நாமே நேரில் போய்க் கேட்க வேண்டும். உண்மையைச் சொன்னால் நான் இப்போது விழுப்புரம், புதுச்சேரி, சிதம்பரம் எல்லைக்குள்ளேயே வாங்குகிறேன். பஸ் ஏறிப் போய், கேட்டுப் பார்த்து, அங்கேயே பணம் அனுப்பிவிட்டு எடுத்து வருவதற்கு ஈடாக வேறு பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை. அனுப்பும் முன் திரையில் வரும் பெயரை வாய்விட்டுப் படித்து “இது நீங்கதானே?” என்று கேட்பேன். வங்கிக் கணக்கில் உள்ள பெயரையே ஆப்கள் காட்ட வேண்டும் என்று 2025 ஜூன் 30 வரை கெடு வைத்திருந்தார்கள், அதன் பிறகு இந்தக் கேள்விக்குப் பலன் கூடியிருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் பணம் போய்விட்டால், ஏமாற்றியவனிடம் கெஞ்சிக்கொண்டிருக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த முடிகிறது. ஆப்பில் அந்தப் பரிமாற்றத்துக்குக் காட்டும் 12 இலக்க யூடிஆர் எண், நேரம், தொகை, அவனுடைய யூபிஐ ஐடி கையில் இருக்கட்டும். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் பதிவு செய்து ஒப்புகை எண்ணை வாங்கி, அதோடு உங்கள் வங்கிக்கும் தகவல் கொடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம். பொருள் புதுச்சேரி, நீங்கள் கடலூர், அவன் எங்கேயோ என்று ஸ்டேஷன் எல்லைக் குழப்பம் வந்தால், எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதியலாம் என்று இப்போதைய சட்டத்திலேயே இருக்கிறது. பணம் போகவில்லை, முயற்சி மட்டும்தான் நடந்தது என்றால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் அந்த எண்ணைக் கொடுக்கலாம். நான் கொடுத்துவிட்டு, அந்த விளம்பரத்தையும் ரிப்போர்ட் அடித்து, எண்ணை எங்கள் மைக் செட் குரூப்பில் போட்டுவிடுகிறேன்.