கொர்த்தினாவில் வீடு எடுக்கிறீர்களா? முதலில் முகவரியைக் கேளுங்கள்

இத்தாலியின் தொலமைத் மலைகளுக்கு நடுவில் இருக்கும் கொர்த்தினா தாம்பெட்ஸோவுக்குக் குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒரே தரகர் எங்களைப் பனிக்காலத்தில் ஒரு முறை ஏமாற்றினார். அதை ஈடுகட்டுவதாகச் சொல்லி, மே மாதத்தில் மறுபடியும் ஏமாற்றினார்.

2025 பிப்ரவரியில் ஒரு வாரத்துக்கு 1,900 யூரோ. "கொர்த்தினா பகுதி, பனிச்சறுக்கு லிஃப்டுக்கு ஐந்து நிமிட நடை" என்று விளம்பரத்தில் இருந்தது. நாங்கள் தயங்கியபோது, அடுத்த ஆண்டு ஒலிம்பிக் வருகிறது, இந்த விலை இனிக் கிடைக்காது என்று அவசரப்படுத்தினார். 1956இல் குளிர்கால ஒலிம்பிக் கண்ட ஊர் 2026இல் மீண்டும் காணவிருந்தது என்பது உண்மைதான். அந்த ஓர் உண்மையை நம்பி மற்றதையும் நம்பிவிட்டோம்.

கொர்த்தினாவுக்கு ரயில் கிடையாது. அங்கே ஓடிய சிறு ரயிலை 1964இலேயே நிறுத்திவிட்டார்கள். வெனிஸை அடுத்த மெஸ்த்ரேயிலிருந்து பஸ் பிடித்து, மாலையில் போய் இறங்கினோம். முகவரியைக் காட்டியதும் பஸ் நிலையத்தில் இருந்தவர், நாங்கள் வந்த சாலையையே கைகாட்டினார். வீடு கொர்த்தினாவில் இல்லை. பத்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பஸ் கடந்து வந்த சான் வித்தோ என்ற ஊரில் இருந்தது. பனியில், இரண்டு குழந்தைகளோடு, பெட்டிகளை இழுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். ஐந்து நிமிட நடையில் லிஃப்ட் இருந்தது. ஆனால் அது சான் வித்தோவின் சிறு லிஃப்ட். கொர்த்தினாவின் தொஃபானா மலைச் சரிவுகளுக்காகத்தான் நாங்கள் வந்திருந்தோம்.

சாவியைக் கொடுக்கும்போது, ஒப்பந்தத்தில் இல்லாத தொகைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார்கள்: படுக்கை விரிப்புக்கு, இறுதித் துப்புரவுக்கு, வீட்டைச் சூடாக்குவதற்கு. சுற்றுலா வரி மட்டும் நியாயமானது, அது ஊராட்சிக்குப் போவது. 400 யூரோ பிணைத்தொகையும் கேட்டார்கள். கிளம்பும் நாளில் மேசையில் கீறல் என்று சொல்லி அதைத் திருப்பித் தரவில்லை. அந்தக் கீறலை நாங்கள் போடவில்லை.

நான் எழுதிய புகாருக்கு, "கோடையில் ஒரு வாரம் பாதி விலைக்கு, இம்முறை கொர்த்தினாவிலேயே" என்று பதில் வந்தது. அந்தச் சலுகை மே நடுவில் ஒரு வாரத்துக்கு மட்டும்தான் செல்லும். அங்கே அது கோடையே அல்ல என்று போன பிறகுதான் புரிந்தது. கேபிள் கார்கள் நின்றிருந்தன. மலை விடுதிகளில் பெரும்பாலானவை பூட்டியிருந்தன. மிசுரீனா ஏரியிலிருந்து த்ரே சீமே சிகரங்களின் அடிவாரத்துக்கு ஏறும் கட்டணச் சாலை திறக்கவில்லை. உயரத்துப் பாதைகளில் இன்னும் பனி கிடந்தது. ஊருக்குள் கோர்சோ இத்தாலியா கடைத்தெருவில் கூடப் பல கடைகள் விடுமுறையில் இருந்தன. பனிச்சறுக்குக் காலம் முடிந்து நடைக்காலம் தொடங்கும்வரை ஊர் ஓய்வெடுக்கும் வாரங்கள் அவை. அதைத்தான் எங்களுக்கு விற்றிருந்தார். மாலை வெயிலில் பாறைகள் சிவந்த அந்தக் காட்சியை மட்டும் யாராலும் எங்களிடமிருந்து பறிக்க முடியவில்லை.

பின்னால் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். 2025 ஜனவரி முதல் இத்தாலியில் குறுகிய கால வாடகை வீட்டு விளம்பரம் எதிலும் தேசிய அடையாளக் குறியீடு இருந்தாக வேண்டும். அதைச் 'சின்' என்கிறார்கள். எங்கள் விளம்பரத்தில் அது இல்லை. முன்பணத்துக்கு ஒப்பந்தத்தில் என்ன பெயர் என்றும் பாருங்கள். 'கப்பாரா கொன்ஃபிர்மத்தோரியா' என்று எழுதியிருந்து அவர்கள் வாக்குத் தவறினால், இரு மடங்காகக் கேட்க இத்தாலியக் குடிமைச் சட்டத்தின் 1385ஆவது பிரிவு இடம் தருகிறது. எங்கள் தாளில் 'அக்கோந்தோ' என்றிருந்தது. அது வெறும் முன்பணம். ஊராட்சியின் பெயரோடு முழு முகவரியையும், கூடுதல் கட்டணங்கள் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். கோடைக்குப் போவதென்றால், கேபிள் கார் எந்தத் தேதியில் ஓடத் தொடங்கும் என்று அதை நடத்துபவர்களிடமே கேளுங்கள்.

பிணைத்தொகைக்காகப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். மேசையின் புகைப்படம் என்னிடம் இருக்கிறது; வீட்டுக்குள் நுழைந்த முதல் இரவில் என் மகள் எடுத்தது. கீறல் அதிலேயே தெரிகிறது.