ஒக்சிடோசின் ஊசியா, மிசோப்ரோஸ்டல் குளிசையா?

பிள்ளை பிறந்தபின் குருதிப்பெருக்கைத் தடுக்க இரண்டில் எதைக் கையிருப்பில் வைப்பது? வன்னியில் துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்துச் சிறு வைத்தியசாலைகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

இரண்டுமே கருப்பைத் தசைக் கலத்துக்குள் கல்சியம் அயனைக் கூட்டித்தான் அதைச் சுருங்க வைக்கின்றன. வயிற்றில் இன்னொரு பிள்ளை இல்லையென்று தடவிப் பார்த்த பிறகே எதையும் கொடுக்க வேண்டும்.

அளவு: ஊசி 10 அலகு, தசையில். குளிசை 400 அல்லது 600 மைக்ரோகிராம், வாயால்.

வேகம்: ஊசி 2–3 நிமிடம். குளிசை 8 நிமிடமளவு.

பக்கவிளைவு: ஊசிக்குக் குறைவு. குளிசைக்கு நடுக்கமும் காய்ச்சலும் வரும்; அதைக் கிருமித்தொற்று என்று குழம்பிவிடக்கூடாது.

சேமிப்பில்தான் வன்னி வெயில் குறுக்கே நிற்கிறது. ஒக்சிடோசினுக்கு 2–8 பாகை குளிர் வேண்டும். நீண்ட நேரம் கரண்ட் போனால் மருந்து வீரியம் இழக்கும். குப்பியில் நீர் தெளிவாகவே தெரியும்; ஆனால் ஊசி போட்டபின் தாயின் வயிற்றில் கையை வைத்தால் கருப்பை மட்டும் தளர்ந்தே கிடக்கும். குளிசைக்கு ஈரம் எதிரி. மாரியில் உறையைக் கிழித்துப் போத்தலில் போட்டு வைக்கவே கூடாது.

வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேற்று ஏறிய தாயில் கூடுதல் கவனம் தேவை: மக்னீசியம் கல்சியத்தை மறிப்பதால் கருப்பை தளரலாம்.

நம்பகமான குளிரூட்டியும் ஊசி போடத் தெரிந்தவரும் இருந்தால் ஒக்சிடோசினே முதல் தெரிவு. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் குளிசை.