டெல்லியில் நடக்கும் பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்பு: ஒரு மதிப்பீடு

ஆர்.கே.புரத்தில் ஒரு வாடகை அரங்கில் வார இறுதியில் நடத்தப்படும் பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்பு எப்படி இருந்தது என்று, உத்தரகாண்டுக்கும் இமாச்சலுக்கும் மலையேறக் கிளம்பும் டெல்லித் தமிழ் நண்பர்கள் சிலர் கேட்டார்கள். ஏப்ரல், மே மாதங்களில் பனி மூடிய கணவாய்களைக் கடக்க நினைப்பவர்கள் தயங்காமல் சேரலாம். ஆனால், இரண்டு நாள் வகுப்பில் முதல் நாளின் தரம் இரண்டாம் நாளில் இல்லை.

பயிற்றுநர்களில் ஒருவர் திருநெல்வேலிக்காரர். ராணுவத்தில் உயர்ந்த மலைப்பகுதிகளில் பணியாற்றியவர். குளிர்காலத்தில் புதுப்பனியின் எடையும் காற்று கொண்டுவந்து குவிக்கும் பனியும் ஆபத்தை உண்டாக்குகின்றன என்றும், வசந்தத்திலோ வெயிலில் உருகிய நீர் பனி அடுக்குகளுக்குள் இறங்கி அவற்றின் பிடிப்பைத் தளர்த்திவிடுகிறது என்றும் அவர் விளக்கினார். எனவே, பகலில் உருகிய பனி இரவில் மீண்டும் உறைந்ததா என்பதையே காலையில் முதலில் பார்க்க வேண்டும். "மேகமாக இருந்தால் நல்லதுதானே சார், வெயில் படாதே?" என்று ஒரு மாணவி கேட்டார். "பகலுக்கு அது சரிம்மா. இரவில் மேகம் மூடினால் பனியின் வெப்பம் வெளியேறாது, மேல்பரப்பு இறுகாது. அப்படிப்பட்ட இரவுக்குப் பிறகு கிளம்பவே கூடாது" என்றார். இந்த ஒரு விளக்கத்துக்காகவே கட்டணத்தைக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் கிளம்புகின்றன. இந்தச் சாய்வைக் கண்ணால் மதிப்பிடுவது எவ்வளவு ஏமாற்றும் என்பதை உணர்த்த, 1:50,000 அளவிலான வரைபடத்தையும் ஒரு சிறிய அளவுகோலையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் நெருங்க நெருங்கச் சரிவு செங்குத்தாகிறது என்று பொருள். அவை 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாக வரையப்பட்ட அந்தத் தாளில், 30 டிகிரிச் சரிவில் இரண்டு கோடுகளுக்கு நடுவே முக்கால் மில்லிமீட்டர்கூட இடமில்லை. சின்னஞ்சிறு செங்குத்துச் சரிவுகள் அதில் தெரியவே தெரியாது. அதனால் களத்திலும் கைபேசியின் சாய்வுமானியால் அளக்க வேண்டும் என்று பழக்கினார்கள். காலையில் கிழக்கு நோக்கிய சரிவும், பிறகு தெற்கும், மாலையில் மேற்கும் இளகும் வரிசை, கணுக்கால் வரை பூட்ஸ் புதையத் தொடங்கினால் திரும்பிவிட வேண்டும் என்ற விதி, பாறையடியிலிருந்து தானாக உருண்டு வரும் பனி உருண்டைகள் தரும் எச்சரிக்கை ஆகியவற்றைப் படங்களோடு நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

2023 ஏப்ரல் 4 அன்று, காங்டாக்கிலிருந்து நாதுலா செல்லும் சாலையில், நண்பகலை ஒட்டி விழுந்த பனிச்சரிவில் சுற்றுலாப் பயணிகள் ஏழு பேர் இறந்ததை எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். வண்டி போகும் சாலையிலேயே இப்படி நேர்ந்திருக்கும்போது, மலையேற்றம் செய்பவர்கள் மட்டும் கவலைப்பட்டால் போதும் என்று நினைப்பது தவறு. சண்டிகரில் உள்ள டி.ஆர்.டி.ஓ. (பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பு) ஆய்வு நிறுவனத்தின் பனிச்சரிவு எச்சரிக்கை, மாவட்டத்தையும் உயரத்தையும் வைத்துத்தான் சொல்லுமே தவிர, நம் முன்னே நிற்கும் சரிவைப் பற்றிச் சொல்லாது என்று அவர்கள் தெளிவுபடுத்தியதும் பாராட்டத்தக்கது.

இரண்டாம் நாள் பூங்காவில் நடந்த பீக்கன் பயிற்சிதான் ஏமாற்றம். 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் இந்தக் கருவி, புதைந்தவர் அணிந்திருக்கும் இதே போன்ற கருவியிலிருந்து வரும் சமிக்ஞையைப் பிடித்து அவர் இருக்கும் இடத்தைக் காட்டும். உலர்ந்த இலைகளுக்கு அடியில் சாக்கில் கட்டி மறைத்த பீக்கனைத் தேட ஆளுக்கு ஒரு முறைதான் வாய்ப்புக் கிடைத்தது. வாடகைக்குக் கொடுத்தவற்றில் ஒன்றின் பேட்டரிப் பெட்டி பச்சை பூத்துப்போயிருந்தது. புதைந்தவரை முதல் பத்து நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம், அரை மணி நேரம் கடந்தால் அது வெகுவாகக் குறைந்துவிடும் என்று காலையில் கற்றுக்கொடுத்தவர்களே மாலையில் இப்படி நடத்தியது வருத்தமாக இருந்தது. துழாவுகோலையும் மண்வாரியையும் தொட்டுப் பார்க்க மட்டுமே நேரம் இருந்தது.

இன்னொரு குறையும் உண்டு. பணம் கட்டிக் குழுவாகப் போகும்போது, வழிகாட்டி தாமதமாகக் கிளம்பினால் "இப்போது ஏற வேண்டாம்" என்று எப்படிச் சொல்வது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நம்மில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் போகிறோம். ரூபின் கணவாய் போன்ற பாதைகளுக்குப் போகிறவர்கள், கணவாயை ஏற முகாமிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள் என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். வகுப்புக்கு வருகிறவர்கள் கருவிகளை வாங்கும்போதே பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள். மாற்றிக் கேட்டால் கொடுக்கிறார்கள்.