உயரமா, மழையா? கென்யா, பிரேசில், சுமத்ரா காபிகள் ஒரே மேசையில்

காபி பாக்கெட்டில் விளைந்த உயரம் ‘1,900 மீட்டர்’ என்று போட்டிருந்தால் கை தானாக அதை நோக்கிப் போகும். எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. கென்யா, பிரேசில், சுமத்ரா மூன்றையும் வாங்கி, இளவறுவலாக வறுத்து, ஒரே மாதிரி அரைத்து, பால் சேர்க்காமல் அடுத்தடுத்துக் குடித்த பிறகுதான் அந்த எண் மீது சந்தேகம் வந்தது.

உயரத்தில் விஷயமே இல்லை என்று சொல்லவில்லை. நூறு மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி வெப்பம் குறையும். குளிரில் பழம் அவசரப்படாமல் பழுக்கும், கொட்டை இறுகும், புளிப்பும் இனிப்பும் கூடும். அராபிகா என்ற காபி வகைக்குப் பிடித்த சராசரி வெப்பம் 18 முதல் 22 டிகிரி. செடி பார்ப்பது அந்த வெப்பத்தைத்தான், மீட்டரை அல்ல. ஹவாயின் கோனாவில் 900 மீட்டருக்குக் கீழேயே நல்ல காபி விளைகிறது. பூமத்திய ரேகையிலிருந்து தள்ளியிருக்கும் இடம், போதாததற்குப் பிற்பகலில் மேகம் வந்து குடை பிடிக்கும். கொலம்பியாவின் நரினோ பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் 2,000 மீட்டரைத் தாண்டியும் பயிரிடுகிறார்கள்.

சரி, கோப்பைக்கு வருவோம். கென்ய மலைச்சரிவில் நியெரி, கிரின்யாகா பக்கம் விளையும் கொட்டையைக் கையால் அரைத்தால் அதன் இறுக்கம் கைக்கே தெரியும். முதல் மடக்கில் நாக்கின் இரு ஓரமும் கூசும். கருந்திராட்சைப் புளிப்பு, சில நேரம் பழுத்த தக்காளி. சூடு ஆற ஆறத்தான் இனிப்பு மேலே வரும். இதற்கு எரிமலைச் செம்மண்ணும் குளிர்ந்த இரவுகளும் காரணம் என்பார்கள். பாதிதான் உண்மை. அங்கே பரவலாக உள்ள எஸ்.எல்.28 என்ற ரகம் 1930களில் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்தப் புளிப்பில் ரகத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

பிரேசில் நேரெதிர். பெரும்பாலும் 800 முதல் 1,200 மீட்டர். அறுவடை மாதங்கள் வறண்டவை. மழை பயம் இல்லாததால் பழத்தை முழுசாகவே களத்தில் பரப்பிக் காய வைத்துவிடலாம். சதை கொட்டை மீதே ஒட்டிக் காய்வதால் வறுத்த கடலை, கோகோ போன்ற சுவை, கனமான இனிப்பு, புளிப்பு பெயருக்குத்தான். சலிப்பான காபி என்று சிலர் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. பால் ஊற்றினால் கென்யா திணறும், இது அசையாது. அந்த நாட்டில் பயம் வேறு விஷயத்தில்: பனி. 1975 ஜூலையில் பரானா மாநிலத்தின் தோட்டங்களைக் கடும் உறைபனி கருக்கிவிட்டது. அதன் பிறகு காபி வடக்கே மினாஸ் ஜெராய்ஸ் பக்கம் நகர்ந்தது.

என் சந்தேகத்தைக் கிளப்பியது சுமத்ராதான். தோபா ஏரியைச் சுற்றியும் ஆச்சேயின் காயோ மலையிலும் 1,200 முதல் 1,600 மீட்டர் வரை சாதாரணமாகப் பயிராகிறது. பல கென்யத் தோட்டங்களும் ஏறக்குறைய இதே உயரம்தான். ஆனால் கோப்பையில் புளிப்பைக் காணோம். மழை நனைத்த மண், தேவதாரு மரம், மிளகு, நாக்கில் கூழ் போன்ற கனம். காரணம், அங்கே மழை ஓய்வதே இல்லை. மற்ற பல இடங்களில் கொட்டையை உமித்தோலோடு 11, 12 சதவீத ஈரம் வரும்வரை காய வைத்து, அப்புறம்தான் தோலை உரிப்பார்கள். சுமத்ராவில் அதற்கு வெயில் கிடைக்காது. முப்பது சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும்போதே உரித்து, வெறும் கொட்டையைக் காய வைக்கிறார்கள். ‘கிலிங் பாசா’ என்று பெயர். கொட்டை நீலம் கலந்த பச்சையாக இருக்கும். அந்த மண்வாசனை பெருமளவு மண்ணிலிருந்து வருவதில்லை, இந்த அவசரத்திலிருந்து வருகிறது.

உயரம் புளிப்புக்கு வழி விடுகிறது. அறுவடை நேரத்து மழைதான், காய வைக்கும் முறையை மாற்றி, அதைத் தக்கவைப்பதா இழப்பதா என்று முடிவு செய்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் எத்தியோப்பியாவின் யிர்காசெஃபேவில் கழுவிக் காய வைத்ததையும், பழமாகவே காய வைத்ததையும் வாங்கிப் பார்க்கலாம். முதலாவது மல்லிகையும் எலுமிச்சையும். இரண்டாவது புளூபெர்ரி, சில சமயம் லேசான கள் வாடை. ஊர் ஒன்றுதான்.

பால் சேர்க்காமல் குடிக்க என் ஓட்டு கென்யாவுக்கு. பாலுக்குப் பிரேசில். புளிப்பே ஆகாதவர்களுக்குச் சுமத்ரா, ஆனால் முதல் கோப்பையில் முகம் சுளிப்பீர்கள். எதுவானாலும் கருக வறுத்ததை வாங்காதீர்கள். அந்த வறுவலில் மூன்று மலையும் ஒரே கசப்புதான். பாக்கெட்டில் உயரத்துக்குப் பக்கத்தில் எப்படிக் காய வைத்தார்கள் என்று ஒரு சிறு வரி இருக்கும், முதலில் அதைப் படியுங்கள்.