பேடில் போர்டா, விண்ட்சர்ஃபா: ராமேஸ்வரம் கடலில் எதை நம்பி இறங்குவது?

பேடில் போர்டு (நின்றுகொண்டு துடுப்புப் போட்டு ஓட்டும் பலகை) வாங்கலாமா, விண்ட்சர்ஃபிங் (பாய் பொருத்திய பலகையைக் காற்றில் ஓட்டுவது) கற்றுக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: பேடில் போர்டு எளிது, விண்ட்சர்ஃப் கஷ்டம், அதனால் எளிதானதில் ஆரம்பியுங்கள். ஏரிக்கும் காயலுக்கும் அது சரியான பதில். ராமேஸ்வரம், மண்டபம், தனுஷ்கோடி மாதிரி திறந்த கடலுக்கு அதே பதிலைக் கொண்டுபோனால் ஆபத்து என்பது என் உறுதியான கருத்து. பலகை மேல் சுலபமாக நின்றுவிடலாம், ஆனால் நின்ற இடத்திலிருந்து கரைக்குத் திரும்ப முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இடத்தைப் பார்த்துவிடுவோம். தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் வடக்கைப் பெண் கடல் என்பார்கள், தெற்கை ஆண் கடல் என்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது தெற்குக் கரையில் அலை உடைந்து நுரைக்கும், வடக்குக் கரை தட்டையாகக் கிடக்கும். மழைக்காலம் வந்து வாடை பிடித்துவிட்டால் எல்லாம் தலைகீழ், வடக்கு கொந்தளிக்கும், தெற்கு அடங்கிவிடும். வெளியூரிலிருந்து ஒரு காற்றடைத்த பேடில் போர்டோடு வருபவர் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் இறங்குவார்? தட்டையாக இருக்கும் பக்கம்தான். அது தட்டையாக இருப்பதற்குக் காரணமே காற்று நிலத்தைத் தாண்டி வந்து கடலை நோக்கி அடிப்பதுதான், அலை எழும்ப அங்கே காற்றுக்கு இன்னும் தூரம் கிடைக்கவில்லை. ஆக, பார்க்கச் சாந்தமாக இருக்கும் பக்கம் எதுவோ, அதுதான் உங்களைக் கரையைவிட்டுத் தள்ளும் பக்கம். பருவம் மாறினால் பக்கம் மாறும், இந்த விதி மாறாது.

ஜூலை மாதம் வடக்குக் கரையில், பனைகளுக்கும் சவுக்குத் தோப்புக்கும் கீழே நின்று பாருங்கள். முதல் ஐம்பது மீட்டர் கண்ணாடி, அடியில் மணலின் வரிகூடத் தெரியும். அதைத் தாண்டினால் மீன் செதில் போலச் சின்னச் சின்னச் சுருக்கம். இன்னும் தள்ளி நிறம் கறுத்துவிடும், அங்கே வெள்ளை நுரை தெரிந்தும் தெரியாமலும் இருக்கும், ஏனென்றால் அலை உங்களைவிட்டு விலகிப் போகிறது, கரையிலிருந்து நீங்கள் பார்ப்பது அதன் முதுகை. அங்கே போய்த் திரும்பிப் பார்த்த பிறகுதான் காற்றின் அளவு முகத்தில் தெரியும்.

இப்போது பேடில் போர்டில் நிற்பவரை எடுத்துக்கொள்வோம். ஐந்தரை அடி மனிதர் நிமிர்ந்து நின்றால் அவர் உடம்பே ஒரு பாய். சாதாரணமாகத் துடுப்புப் போடுபவர் அமைதியான நீரில் மணிக்கு 5 கிலோமீட்டர் போவார், நல்ல பழக்கமுள்ளவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. 15 நாட் காற்று என்பது மணிக்கு 28 கிலோமீட்டர், இந்தப் பகுதியில் தென்மேற்குப் பருவத்தில் அது பெரிய காற்றே கிடையாது. அதை எதிர்த்து நின்றுகொண்டு துடுப்புப் போட்டால் பெரும்பாலானவர்களுக்கு முன்னேற்றம் என்பது ஏறக்குறைய பூஜ்ஜியம். மண்டியிட்டால் கொஞ்சம் நகரும். அதுவும் போதாவிட்டால் குப்புறப் படுத்து, துடுப்பை நெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் நீரைத் தள்ள வேண்டும். இதைக் கரையோரத்தில், மார்பளவு தண்ணீரில், முன்கூட்டியே பழகி வைத்துக்கொள்ளாத யாரையும் காற்றுள்ள நாளில் பேடில் போர்டோடு விடக்கூடாது என்பேன்.

விண்ட்சர்ஃபில் அதே காற்றுதான் என்ஜின். பாயைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்தவர் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாதுதான், ஆனால் ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வெட்டி வெட்டி, காற்று வரும் திசைக்கே ஏறி வந்துவிடுவார். காற்று கூடினால் சின்னப் பாயாக மாற்றிக்கொள்வார். பேடில் போர்டுக்காரருக்குக் கதவு மூடும் அதே 15 நாட் காற்றில் இவருக்குக் கதவு திறக்கிறது. பலகை நீரைக் கிழித்துக்கொண்டு போவதை விட்டுவிட்டு நீரின் மேல் ஏறி வழுக்க ஆரம்பிப்பதும் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான், ஒருமுறை அதை உணர்ந்தவர்கள் இந்த விளையாட்டை விடுவதில்லை.

புதிதாகக் கற்பவருக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் சில நாட்களில் பாயைக் கயிறு போட்டு இழுத்து நிமிர்த்துவதற்குள் காற்று தள்ளும் திசையில் பத்து மீட்டர் போயிருப்பீர்கள், திரும்பத் தெரியாது, விழுந்து எழுவதே வேலையாக இருக்கும். ஆனால் இங்கே ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. விழுந்ததும் பாயும் கம்பமும் நீரில் படுத்துவிடும், அது ஒரு நங்கூரம் மாதிரி பலகையைப் பிடித்து நிறுத்தும், நகர்வு வெகுவாகக் குறையும். காற்றடைத்த பேடில் போர்டு அப்படியில்லை. 15 சென்டிமீட்டர் தடிமன், உள்ளே முழுக்கக் காற்று, நீரின் மேல் மிதக்கும் எடை பத்துப் பன்னிரண்டு கிலோ. ஆள் விழுந்து காலில் லீஷ் (பலகையோடு காலை இணைக்கும் கயிறு) இல்லையென்றால், நல்ல நீச்சல்காரரால்கூட அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. கடலில் லீஷ் இல்லாமல் பேடில் போர்டில் ஏறுவதை நான் எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க மாட்டேன்.

சரி, அப்படியானால் விண்ட்சர்ஃப்தான் பத்திரமா? அதுவும் முழு உண்மை இல்லை, அதன் ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. 20 நாட் வேகத்தில் போகும் ஒருவர் ஐந்து நிமிடத்தில் 3 கிலோமீட்டர் தாண்டிவிடுவார். அங்கே கம்பத்தையும் பலகையையும் இணைக்கும் அந்தச் சின்ன ரப்பர் மூட்டு அறுந்தால், அல்லது கம்பம் முறிந்தால், அல்லது சாயங்காலம் காற்று திடீரென்று படுத்துவிட்டால், அதே 3 கிலோமீட்டரைக் குப்புறப் படுத்துக் கையால் தள்ளி வர வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் காற்று சாதகமாக இருந்தால். மூட்டு அறுந்தால் பலகையைப் பிடியுங்கள், பாயைப் பிடிக்காதீர்கள் என்பது முதல் பாடம், ஏனென்றால் பாய் அங்கேயே கிடக்கும், பலகைதான் பறந்துவிடும். பிரான்ஸ் நாட்டு ஆர்னோ த ரோனே பல கடல்களை விண்ட்சர்ஃபில் கடந்தவர். 1984 நவம்பரில் தைவான் நீரிணையைக் கடக்கக் கிளம்பியவர் காணாமல் போனார், கிடைக்கவே இல்லை. இவ்வளவு தேர்ந்தவருக்கே இந்த நிலை என்றால், துணைப்படகு இல்லாமல் கண்ணுக்கெட்டாத தூரம் போவது யாருக்கும் சரியில்லை.

ஒருவருக்குக் காற்று கூடினால் பயம், இன்னொருவருக்குக் காற்று குறைந்தால், பொருள் உடைந்தால் பயம். கடலுக்குப் போகுமுன் வானிலைச் செயலியைத் திறக்கும்போது இந்த இரண்டு பேரும் ஒரே எண்ணை வேறு வேறு கண்ணால் பார்க்க வேண்டும். திசையை மட்டும் இரண்டு பேருமே ஒரே கண்ணால் பார்க்கலாம்: கரைக்குச் சாய்வாக, பக்கவாட்டிலிருந்து கரையை நோக்கி அடிப்பதே நல்ல காற்று.

"தென்னாப்பிரிக்காக்காரர் ஒருவர் பேடில் போர்டில் அட்லாண்டிக்கையே கடந்தாரே" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். கிறிஸ் பெர்டிஷ் மொராக்கோவிலிருந்து கிளம்பி 93 நாளில், 2017 மார்ச்சில் ஆண்டிகுவா போய்ச் சேர்ந்தார். ஆனால் அவருடையது படுத்துத் தூங்க அறை வைத்துத் தனியாகக் கட்டிய கலம், போன வழி வணிகக் காற்று முதுகில் தள்ளும் வழி. ஹவாயில் மோலோகாயிலிருந்து ஒவாஹுவுக்கு 32 மைல் துடுப்புப் பந்தயம் நடப்பதும் காற்றையும் அலையையும் முதுகில் வாங்கிக்கொண்டுதான். பேடில் போர்டில் நீண்ட தூரம் என்பது பெரும்பாலும் காற்றோடு போவது, போய்ச் சேரும் இடத்தில் வண்டி காத்திருப்பது. பாம்பன் பக்கம் அப்படி ஒரு திட்டம் போட்டால் நன்றாகவே இருக்கும். ஆனால் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்றால் கணக்கு வேறு.

கற்கும் காலம், செலவு, சுமை இதிலெல்லாம் பேடில் போர்டுக்குத்தான் வெற்றி, விவாதமே இல்லை. ஒரு மணி நேரத்தில் நின்றுவிடலாம், பம்பும் துடுப்பும் சேர்த்து ஒரு பையில் அடங்கும், ரயிலில் கொண்டுபோகலாம். 12 முதல் 15 பி.எஸ்.ஐ. அழுத்தம் வரை காற்றடிக்க வேண்டும், அடித்த பலகையை மதிய மணலில் வெயிலில் போட்டு வைக்காதீர்கள், உள்ளே காற்று சூடாகி அழுத்தம் ஏறும். விண்ட்சர்ஃபுக்கு நீளப் பலகை, நான்கு மீட்டர் கம்பம், பூம் (பாயைக் கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பு), குறைந்தது இரண்டு பாய், எல்லாவற்றையும் கட்ட வண்டிக்கு மேலே கேரியர் என்று செலவு பல மடங்கு. ஓரளவு போய்த் திரும்பவே சில நாள் ஆகும், ஹார்னஸ் (பாயின் இழுப்பைக் கைக்குப் பதில் உடம்பில் தாங்கும் பட்டை) மாட்டி நிம்மதியாக ஓட்ட ஒரு பருவம் வேண்டும், அதுவரை உள்ளங்கை கொப்பளித்துக்கொண்டே இருக்கும்.

இந்தக் கடலுக்கே உரிய இன்னொரு விஷயம், குறுக்கே கிடப்பவை. பாக் விரிகுடா ஓரமாகப் பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகள், வலைக் கயிறுகள், கரையோர ஆழமின்மை. பேடில் போர்டில் நடைவேகத்தில் போகும்போது இவை முன்கூட்டியே கண்ணில் படும், சுற்றிப் போகலாம், அடியிலுள்ள துடுப்புச்சிறகும் ஒரு சாண் அளவுதான். விண்ட்சர்ஃபின் சிறகு அதைவிட நீளம், மணிக்கு 40 கிலோமீட்டரில் அது ஒரு கயிற்றில் மாட்டினால் ஆள் பாய்க்கு மேலே பறந்து விழுவார், அந்த மீனவக் குடும்பத்தின் வலையும் கிழியும். அந்த வலைதான் அவர்கள் வீட்டுச் சோறு. அதனால் எங்கே வலை, எங்கே மிதவை என்பதைக் காலையில் கரையில் நிற்கும் படகுக்காரர்களிடம் கேட்டுவிட்டு இறங்குவது மரியாதையும்கூட. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்காவுக்குள் வருபவை, பலகையை அங்கே கரையேற்றக் கூடாது. கிழக்கே இலங்கை எல்லையும் தூரமில்லை, காற்று இழுத்துக்கொண்டு போனால் அது கடலோரக் காவல் படை தலையிடும் விவகாரம் ஆகிவிடும்.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். பருவக்காற்றுகளுக்கு நடுவே வரும் மாதங்களில், ஏறக்குறைய மார்ச், ஏப்ரலிலும் அப்புறம் அக்டோபரிலும், விடிந்ததிலிருந்து எட்டு ஒன்பது மணி வரை பேடில் போர்டுக்கு இணை எதுவும் இல்லை. பவளத்திட்டுக்கு மேலே நின்றபடி கீழே மீன் போவதைப் பார்க்க விண்ட்சர்ஃபில் வழியே கிடையாது. காற்று எழும் மற்ற மாதங்களில், இந்தக் கரையிலேயே வாழ்பவர்களும் அடிக்கடி வருபவர்களும் விண்ட்சர்ஃப் கற்றுக்கொள்ள வேண்டும் என்பேன், கஷ்டப்பட்டாலும் பரவாயில்லை, மாதக்கணக்கில் அடிக்கும் இவ்வளவு நல்ல காற்றைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பது எனக்கு மனசு வராத காரியம். வருஷத்துக்கு ஒரு வாரம் மட்டும் வருபவருக்குப் பேடில் போர்டு போதும், மேலே சொன்ன நேரத்தோடும் லீஷோடும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நடுவில் பாய்க்கம்பம் பொருத்தத் துளை உள்ள பேடில் போர்டைத் தேடுங்கள். காலையில் துடுப்பு, காற்று வந்ததும் நான்கைந்து சதுர மீட்டர் பாய். வாங்குமுன் அடியில் நடுச்சிறகு இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். பின்சிறகு மட்டும் இருந்தால் பாயைப் பிடித்ததும் பலகை பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும், காற்றுக்கு எதிராக ஏறவே ஏறாது.